பதினான்காம் கேள்வி

சமதளம் தேடுவதுதான் முதல் வேலை.
கொழிஞ்சாம்பாறை வாசல்கள் எல்லாம்
மழைத்தண்ணீர் வடிய ஒருபக்கம் சாய்ந்தவை.
எடைக்கருவியை வைத்துக் கால்விரலால் தட்டினால்
பூச்சியத்துக்கு வருமுன்
நூறு கிராம் என்று காட்டும், யாரும் ஏறாமலே.

எங்கள் ஆய்வில் நூற்று அறுபது பேர்.
சர்க்கரை, ஈரலில் கொழுப்பு, முழங்கால் தேய்வு,
தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள்.
பாதிப் பேருக்கு வழக்கமான மாத்திரை.
மீதிப் பேருக்கு
காலையும் இரவும் தண்ணீரில் கரைக்கிற பொடி,
மத்தியானம் அளந்து ஒரு கிண்ணம் சோறு.
எடை போனால் நோயும் கூடப் போகுமா?
மாதம் ஒருமுறை வீடு வீடாய்ப் போய்
தமிழில் கேட்டு, மலையாளத்தில் சொல்லி,
ஆங்கிலத்தில் எழுதுகிறேன்.

துளசிமணி, எண் நூற்றுப் பதினேழு.
சேர்ந்த அன்று தொண்ணூற்று இரண்டு புள்ளி நான்கு.
பொடி எப்படி இருக்கு என்றதற்கு
"சுண்ணாம்புச் சுவத்தை நக்குன மாதிரி அம்மிணி"
என்றாள். ஆனாலும் குடித்தாள்.
வேலந்தாவளம் செக்போஸ்டில் மூட்டை இறக்கும் அவள் புருஷன்
செல்லாண்டி
வாங்கிய பரோட்டாவைத் தெருமுனையில் நின்றே தின்றுவிட்டு
வாய் கொப்பளித்து வீட்டுக்குள் வருவாராம்,
சால்னா வாசம் அவளைத் தொடக்கூடாதென்று.

நாலாம் மாதம் நாலு கிலோ குறைந்திருந்தது.
சர்க்கரை மாத்திரை பாதியானது.
பஸ்ஸை விட்டு யார் கையும் பிடிக்காமல் இறங்கினாள்.

ஐந்தாம் மாதம் வீடு பூட்டியிருந்தது.

ஆறாம் மாதம் ஏறி நின்றாள்.
எண்பத்து மூன்று புள்ளி ஒன்று.
நூற்றுக்குப் பத்து!
நாங்கள் எல்லாருக்கும் வைத்த இலக்கு.
போனில் டாக்டர் லிஜிக்கு அத்தனை சந்தோஷம்:
"நல்லோணம் வண்ணம் கொறஞ்ஞல்லோ!"
அங்கே வண்ணம் என்றால் உடம்பின் பருமன்.
இங்கே நிறம்.
எல்லையில் இருக்கிறவர்களுக்கு இரண்டுமே தெரியும்.
வெறும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு
"ஆமாங் டாக்டர், கொறஞ்சுபோச்சுங்"
என்றாள் துளசிமணி.

மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டாராம்.
ஐம்பத்தொரு கிலோதான் இருந்தார்,
எங்கள் ஆய்வில் சேரத் தகுதியில்லாதவர்.

பதினான்காம் கேள்வி:
இந்த எடைக் குறைவு நீங்கள் விரும்பி முயன்றதா?
ஆம். இல்லை.
காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.
முன்பெல்லாம் ஆய்வுகளில்
மெலிந்தவர்கள் சீக்கிரம் செத்துப்போனார்கள்.
மெலிவுதான் கொன்றதோ என்று பயந்தார்கள்.
பிறகுதான் புரிந்தது,
உள்ளே இருந்த நோய் முதலில் மெலிய வைத்திருக்கிறது.
அதனால் இளைத்தவர்களையும் இளைக்கப்பட்டவர்களையும்
பிரித்து எண்ண வேண்டும்.

கேட்டேன்.
வெகுநேரம் எடைக்கருவியையே பார்த்திருந்தாள்.
"மொத நாலு கிலோ உங்களுக்குங்.
மிச்சம் அவருக்கு."

அப்படி ஒரு கட்டம் தாளில் இல்லை.
இரண்டிலும் குறியிட்டால் கணினி ஏற்காது.
இரண்டையும் விட்டால் தொண்ணூற்று ஒன்பது என்று போட வேண்டும்:
தகவல் இல்லை.
இவ்வளவு தகவலை வைத்துக்கொண்டு
நான் எப்படிப் போடுவேன்?

ரத்தப் பரிசோதனை வந்திருந்தது.
சர்க்கரை நன்றாக இறங்கி, ஈரல் தெளிந்து,
எந்தக் கிலோ எதனால் போனதென்று
அந்தத் தாளுக்குத் தெரியவில்லை.
அவளிடம் காட்டினேன்.
"படி ஏறுறப்ப வலியே இல்லீங்" என்றாள்,
ஏதோ தப்பு செய்தவள் போல.

கேள்வியைக் காலியாக விட்டு
அடுத்த மாதத்துக்கு இரண்டு டப்பா பொடி எடுத்து வைத்தேன்.
"ஒண்ணு போதுங்" என்றாள்.
கருவியை மடக்கி, பையை மாட்டி
வேலி தாண்டும்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

"அம்மிணி, அந்த இன்னொண்ணும்
வெச்சுட்டுப் போங்க."